தேயிலைத் தோட்டம் பார்க்க எந்த மலை? அதைவிட, எந்தக் கிழமை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். மதுரை திருநகரிலிருந்து குடும்பமாகக் கிளம்புகிறீர்கள். நீங்கள், உங்கள் மனைவி, ஆறாம் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தாண்டிய, முட்டி வலியுள்ள அம்மா. சொந்தக் கார். காலாண்டு விடுமுறையில் சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள். மூணாறா, மேகமலையா, வால்பாறையா என்று கேட்டிருக்கிறீர்கள், குளிரும் வேண்டும் என்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "பிள்ளைகளுக்கு டீ எப்படி வருகிறது என்று காட்ட வேண்டும், அம்மாவுக்குச் சிரமம் இருக்கக் கூடாது" என்று, உண்மையான கேள்வி அதுதான். அதை வைத்துத்தான் பதில் சொல்லப் போகிறேன். எந்த மலை என்பதை உங்கள் அம்மாவின் முட்டி முடிவு செய்யட்டும். எந்த நாள் என்பதைத் தேயிலை முடிவு செய்யும், அங்கேதான் உங்கள் திட்டம் இடிக்கிறது.

நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலையில் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் பல வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, இறங்கி வந்து இப்போது கீழமாசி வீதிப் பக்கம் டீத்தூள் மொத்த வியாபாரம் செய்கிறவன். அதனால் இலை, தூள், ஃபேக்டரி பற்றி நான் சொல்வதை நம்பலாம். பாதை பற்றிச் சொல்வதையும் நம்பலாம், ஆனால் மழைக்காலத்தில் மலைப்பாதை நேற்று இருந்தபடி இன்று இருக்காது. ஓட்டல், ரிசார்ட் வாடகை பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கியே பழகியவன்.

முதலில் கிழமை. எஸ்டேட்டில் ஞாயிற்றுக்கிழமை லீவு. கொழுந்து பறிக்க யாரும் வரமாட்டார்கள். சனிக்கிழமை பறித்த இலை அன்று இரவும் ஞாயிறு காலையுமாக அரைபட்டு முடிந்துவிடும். அப்புறம் ஃபேக்டரியைக் கழுவிவிட்டுப் பூட்டிவிடுவார்கள். திங்கள் காலை ஆட்கள் மறுபடி காட்டில் இறங்குவார்கள் (தோட்டத்தை நாங்கள் காடு என்றுதான் சொல்வோம்), அந்த இலை ஃபேக்டரிக்கு வந்து வாட்டுத் தொட்டியில் பரப்பப்பட்டு 12 மணி நேரத்துக்கு மேல் வாட வேண்டும். ஆக திங்கள் பகலில் நீங்கள் போய் நின்றால் தொட்டியில் பச்சை இலை கிடக்கும், இயந்திரம் சும்மா நிற்கும். போதாததற்கு, மூணாறு நல்லதண்ணி எஸ்டேட்டில் இருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்கும் திங்கள்தான் விடுமுறை. சனிக்கிழமை காலை மதுரையில் கிளம்பி மத்தியானம் மேலே போய்ச் சேர்ந்து, ஞாயிறு, திங்கள் சுற்றிப் பார்த்துத் திரும்புகிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் பார்ப்பதெல்லாம் பச்சை மலை, அதன் முன்னால் ஒரு செல்ஃபி, வாசலில் ஒரு ஏலக்காய் டீ. தேயிலையைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே ஒரே ஒரு நாள் முன்னால் தள்ளுங்கள். வெள்ளி காலை கிளம்புங்கள், சனிக்கிழமை காலை ஃபேக்டரி, ஞாயிறு திரும்பி வந்துவிடலாம். லீவு கூடுதலாகப் போடுவது முடியுமா என்று பாருங்கள், முடிந்தால் புதன் முதல் வெள்ளி இன்னும் நல்லது, அறை வாடகையும் குறையும், கூட்டமும் இருக்காது. இன்னொன்று, காலாண்டு விடுமுறை பல வருஷங்களில் ஆயுத பூஜையை ஒட்டித்தான் வருகிறது. பூஜை அன்று எந்த ஃபேக்டரியிலும் இயந்திரம் ஓடாது, துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டிருப்பார்கள். அதுவும் பார்க்க அழகுதான், பொரி கடலையும் கிடைக்கும், ஆனால் டீ எப்படி வருகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பொங்கல், தீபாவளிக்கும் இதே கதை.

நேரமும் முக்கியம். ராத்திரி முழுக்க வாடிய இலையை விடியற்காலையில் அரைக்க ஆரம்பித்துவிடுவார்கள், ஏனென்றால் குளிர்ந்த, ஈரப்பதமான காற்றில்தான் தூளின் நிறமும் வாசனையும் நன்றாக வரும். பல இடங்களில் மத்தியானத்துக்குள் வேலை முடிந்து கழுவல் நடந்துகொண்டிருக்கும். எனவே காலை டிபன் முடித்த கையோடு முதல் ஆளாக உள்ளே போய்விடுங்கள். சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் போகலாம் என்று தள்ளினால் ஈரத் தரையையும் காலியான தொட்டியையும் பார்த்துவிட்டுத்தான் வருவீர்கள்.

இனி மலைக்கு வருகிறேன். கொடைக்கானலை நீங்கள் கேட்கவில்லை, நல்லது. அங்கே சொல்லும்படி தேயிலை கிடையாது, 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். மாஞ்சோலைக்குப் போகச் சொல்லி யாராவது சொன்னால் அது பழைய தகவல். அங்கே கம்பெனி 2024-இல் வேலையை நிறுத்திவிட்டது. தலைமுறை தலைமுறையாக இருந்த ஆட்களில் பலர் இறங்கிவிட்டார்கள். வால்பாறை எனக்கு ரொம்பப் பிடித்த ஊர், புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் மதுரையிலிருந்து பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று சுற்றி, ஆழியாறுக்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். மூன்று நாளில் ஒன்றரை நாள் காரிலேயே போய்விடும். முட்டி வலிக்காரரை அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார வைக்காதீர்கள்.

மேகமலை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரைக்காரர்கள் இப்போது அதிகம் கேட்பது இதைத்தான், அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். சின்னமனூரிலிருந்து பிரிந்து, தென்பழனி செக்போஸ்ட்டைத் தாண்டி 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஹைவேவிஸ் என்கிற எஸ்டேட் ஊர். சுமார் 1,500 மீட்டர் உயரம். அழகில் மூணாறுக்கு ஒரு படி மேல் என்றுதான் நான் சொல்வேன். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் சோலைக்காடு, நடுவில் ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு என்று அணை நீர்த்தேக்கங்கள். காட்டுமாடு தேயிலைக்குள் மேய்ந்துகொண்டிருக்கும். கூட்டம் இல்லை. ஆனால் இது 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம். இரவில் மலைப்பாதையில் வண்டி விடமாட்டார்கள். மாலை ஆறு மணிக்குள் செக்போஸ்ட்டைத் தாண்டியாக வேண்டும். தங்குமிடம் குறைவு. பெட்ரோல் பங்க் கிடையாது, போன் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஹைவேவிஸுக்கு அப்பால் சாலை மோசமாகும். எல்லாவற்றையும்விட முக்கியம், ராத்திரி அம்மாவுக்கு ஏதாவது ஒன்று என்றால் சின்னமனூருக்கு இறங்க வேண்டும், அந்த 18 வளைவும் இருட்டில், யானை நடமாடுகிற பாதையில். ஃபேக்டரிக்குள் சுற்றிக் காட்டுகிற ஏற்பாடும் மூணாறு மாதிரி அங்கே வழக்கமாகக் கிடையாது. நீங்களும் மனைவியும் மட்டும் போவதென்றால் நான் வேறு எதையும் சொல்லமாட்டேன். இந்த முறை வேண்டாம்.

ஆக மூணாறு. ஆனால் மூணாறு டவுன் இல்லை. டவுனில் என்ன இருக்கிறது, நெரிசல், ஹார்ன், ஹோம்மேட் சாக்லேட் கடை. மதுரையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கொச்சியிலிருந்து வருகிறவர்கள் டவுனை நெருங்கிய பிறகுதான் தேயிலையைக் காண்பார்கள், நாம் போடி வழியாகப் போனால் டவுன் வருவதற்கு முன்பே தேயிலைக்குள் வந்துவிடுவோம். பூப்பாறை, ஆனையிறங்கல், சின்னக்கானல், சூரியநெல்லி, தேவிகுளம், இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றில் அறை எடுங்கள். அறை எடுக்கும்போது படம் பார்த்து மயங்காமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கார் நிற்கிற இடத்திலிருந்து அறை வாசலுக்கு எத்தனை படி? மலையில் "வியூ" நன்றாக இருக்கிற அறை என்றால் பெரும்பாலும் 60 படி இறங்கித்தான் போக வேண்டும். இறங்குவது முட்டிக்கு ஏறுவதைவிடக் கஷ்டம். இது உங்கள் அம்மாவுக்கே தெரியும், கேட்டுப் பாருங்கள்.

பாதையைச் சொல்கிறேன். காலை 6 மணிக்கு மதுரையில் கிளம்பினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி. தேனியில் டிபன். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் பூரி, பொங்கல் வேண்டாம், ரெண்டு இட்லியோடு நிறுத்துங்கள், வெறும் வயிறும் வேண்டாம். போடியைத் தாண்டி முந்தல் வந்ததும் மலை ஆரம்பம், போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். தமிழ்நாட்டுப் பக்கம் சாலை கொஞ்சம் குறுகல், ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது மலையில் சட்டம், ஆனால் எதிரே வருகிற ஜீப்காரர்களுக்கு அது நினைவிருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பூப்பாறை, சூரியநெல்லி ஏலத்தோட்டங்களுக்குப் போகிற தொழிலாளர் ஜீப்புகள் காலையில் கீழிருந்து மேலே, மாலையில் மேலிருந்து கீழே பறக்கும். அதனால் எட்டரைக்கு மேல் ஏறுவது நிம்மதி. போடிமெட்டில் செக்போஸ்ட், அதைத் தாண்டினால் கேரளா. அங்கிருந்து மூணாறு வரை 42 கிலோமீட்டர் நெடுஞ்சாலையை அகலப்படுத்தி 2024 தொடக்கத்தில் திறந்துவிட்டார்கள், இப்போது நல்ல சாலை. லாக்கார்ட் கேப் என்கிற இடத்தில் மட்டும் ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பள்ளம். கனமழை பெய்தால் அங்கே பாறை சரியும், பல தடவை சரிந்திருக்கிறது. மழை கொட்டுகிற நாளில் அந்த இடத்தை மட்டும் போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள், தேவிகுளம் பக்கம் தங்குகிற ஓட்டலில் கேட்டாலே சொல்வார்கள்.

மழை என்றதும் இன்னொன்று. செப்டம்பர் கடைசி என்றால் தென்மேற்குப் பருவமழை ஓய்கிற நேரம், வடகிழக்கு இன்னும் பிடித்திருக்காது. பொதுவாக நல்ல இடைவெளிதான், ஆனால் மலையில் "பொதுவாக" என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயன் வீடுகள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போயின, 70 பேர் பலி, பாதிக்கு மேல் நம் கயத்தாறு பக்கத்திலிருந்து போன குடும்பங்களின் சொந்தபந்தம். வானிலை மையம் இடுக்கிக்கு ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் கொடுத்தால் அட்வான்ஸ் பணம் போனால் போகிறது என்று நின்றுவிடுங்கள். அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சனிக்கிழமை காலைக்கு வருவோம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, போகிற பாதையிலேயே இருக்கும் லாக்கார்ட் எஸ்டேட். அங்கே ஃபேக்டரியைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். இரண்டு, மூணாறு டவுனை ஒட்டி நல்லதண்ணியில் இருக்கும் அருங்காட்சியகம். அங்கே ஓடுவது செயல்விளக்கத்துக்கான சின்ன இயந்திர வரிசைதான், முழு ஃபேக்டரி இல்லை. ஆனால் முட்டி வலிக்காரருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கும் அதுவே போதும், படி ஏற வேண்டியதும் குறைவு. வாசல் பக்கம் ஒரு சூரியக் கடிகாரம் இருக்கும், 1913-இல் நம் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்தது. பழைய குண்டளை பள்ளத்தாக்கு ரயிலின் சக்கரம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். ஆமாம், மூணாறில் ரயில் ஓடியிருக்கிறது. தேயிலைப் பெட்டிகள் அந்த ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் தொங்கிக்கொண்டே நம் குரங்கணி பக்கம் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்குப் போகும். 1924 வெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூணாறு டீ உலகத்துக்குப் போன வழி நம் தேனி மாவட்டம் வழியாகத்தான் இருந்தது என்பதைப் பெரிய பிள்ளைக்குச் சொல்லுங்கள், போடிமெட்டு ஏறும்போதே சொன்னால் இன்னும் நல்லது.

உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன், வழிகாட்டிகள் சில நேரம் வேகமாக ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். முதலில் வாட்டுத் தொட்டி. நீளமான தொட்டி, அடியிலிருந்து காற்று வீசும், பச்சை இலை மேலே பரந்து கிடக்கும். பிள்ளைகளைக் கையில் எடுத்து மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புது இலை சட்டென்று ஒடியும், வாடிய இலை துணி மாதிரி மடங்கும். அடுத்து உருளைகள். இங்கேதான் இரண்டு குடும்பமாகப் பிரிகிறது. நாம் டீக்கடையில் குடிக்கிற டீ சி.டி.சி., பல்வைத்த இரண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் சுற்றி இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்கும். ஆர்த்தடாக்ஸ் என்பது இலையைக் கிழிக்காமல் முறுக்கி எடுப்பது. அடுத்த கட்டம்தான் பிள்ளைகள் மறக்காதது: நசுங்கிய பச்சைக் குருணை காற்றுப் படப்படக் கண்ணெதிரே செம்பு நிறத்துக்கு மாறும். புளிக்க வைப்பது என்று சொல்வோம், ஆனால் மாவு புளிப்பது போல நுண்ணுயிர் வேலை இல்லை, நறுக்கிய ஆப்பிளும் கத்தரிக்காயும் கறுக்கிறதே அந்த வேலைதான், இலையில் இருக்கும் நொதி காற்றோடு சேருவது. சரியான நேரத்தில் அதை நிறுத்துவதற்குத்தான் உலர்த்தும் இயந்திரம், சூடான காற்றில் ஈரம் சுமார் மூன்று சதவீதத்துக்கு இறங்கிவிடும். கடைசியில் சலித்துத் தரம் பிரிப்பது. நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை போட்டால் ஒரு கிலோ தூள் வரும். ஒரு கிலோ பாக்கெட்டைக் கையில் கொடுத்து, இதற்கு எவ்வளவு இலை பறிக்க வேண்டும் என்று பெரிய பிள்ளையைக் கேளுங்கள்.

பறிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் சாலையோரம் ஆட்கள் நிற்கும் இடமாகப் பார்த்து வண்டியை ஒதுக்குங்கள். காலை எட்டு மணியிலிருந்து இருப்பார்கள், மத்தியானமும் சாயங்காலமும் எடை போடுவார்கள். அந்த எடை போடும் நேரம்தான் பார்க்க வேண்டியது. "இரண்டு இலை ஒரு மொட்டு" என்று எல்லா விளம்பரத்திலும் சொல்வார்கள், உண்மையில் இப்போது நிறைய இடங்களில் பெட்டி பொருத்திய கத்தரியால்தான் வெட்டுகிறார்கள், கொஞ்சம் முற்றல் இலையும் சேர்ந்துதான் வரும். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சிரிக்கிற படம் போட்டோவுக்காக எடுத்தது. மூணாறில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோர் தமிழர்கள், நான்காவது ஐந்தாவது தலைமுறை. "அக்கா, சாப்பிட்டாச்சா" என்று அம்மா பேச்சுக் கொடுத்தால் அரை மணி நேரம் போவது தெரியாது. போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். எடை போடும் இடத்தில் குறுக்கே நிற்காதீர்கள், அது அவர்கள் கூலி. 2015-இல் இந்தப் பெண்கள்தான் போனஸுக்காக, யூனியன் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, மூணாறு ரோட்டில் உட்கார்ந்து ஜெயித்தார்கள். பெண்கள் ஒற்றுமை, பெம்பிளை ஒருமை, என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர்.

செடிகளுக்குள் பிள்ளைகளை இறக்கி விடாதீர்கள். மழைக்காலம் முடிகிற சமயம் அட்டை இருக்கும், அதைவிட, நீர் வடிய வெட்டிய குழிகள் செடிக்கு அடியில் மறைந்திருக்கும், பாம்பும் இருக்கலாம். இலையைப் பறித்து வாயில் வைப்பது வேண்டவே வேண்டாம். மருந்து எப்போது அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒரு மலைச்சரிவு முழுக்க இலையே இல்லாமல் வெறும் குச்சியாக நின்றால் செடி செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது கவாத்து. நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை வெட்டிவிடாவிட்டால் தேயிலை மரமாக வளர்ந்துவிடும், உயரத்தில் நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

கொழுக்குமலை பற்றி யாராவது கட்டாயம் சொல்வார்கள். சூரிய உதயம், மேகக் கடல், எல்லாம் உண்மை. ஃபேக்டரி நம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது, பாதை மட்டும் கேரளாவில் சூரியநெல்லி வழியாக, அதுவும் ஜீப்பில்தான். அந்தப் பாதையில் ஜீப் குதிக்கிற குதியில் நல்ல இடுப்பே கழன்றுவிடும், அம்மாவை அழைத்துப் போகவே கூடாது. ஒரு நாள் விடியலில் நீங்களும் பெரிய பிள்ளையும் மட்டும் போய்விட்டு வரலாம். "உலகத்திலேயே உயரமான தேயிலைத் தோட்டம்" என்று போர்டு வைத்திருப்பார்கள். சுமார் 7,000 அடிக்கு மேல் என்பது சரி, நம் தேனி, மூணாறு பக்கத்தில் அதற்கு மேல் பெரிய தோட்டம் இல்லை என்பதும் சரி. உலகத்திலேயே என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன், தைவானில் அதைவிட உயரத்தில் பயிரிடுகிறார்கள். டீ நன்றாக இருக்கும், அதில் சந்தேகம் இல்லை. குளிரில் செடி மெதுவாக வளர்ந்தால் வாசனை கூடும்.

ஃபேக்டரி முடித்த நாளில் வேறு பெரிய இடம் வைத்துக்கொள்ளாதீர்கள். டிராவல்ஸ்காரர்கள் தருகிற ஏழு இடப் பட்டியலில் பாதி படகுத்துறை, மீதி கடை. நேரமிருந்தால் இரவிகுளம் மட்டும் போதும், வரையாடு பார்க்கலாம், வனத்துறை பஸ்ஸிலேயே மேலே கூட்டிப் போவார்கள், அம்மா பஸ் நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளலாம். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் ஆடு குட்டி போடும் காலம் என்று மூடிவிடுவார்கள், உங்களுக்கு அது பிரச்சினை இல்லை. குறிஞ்சி பூத்திருக்குமா என்று கேட்டால் 2018-இல் மலையெங்கும் பூத்தது, அடுத்து 2030.

யானை. சின்னக்கானல், ஆனையிறங்கல் பக்கம் இருட்டிய பிறகு வண்டி எடுக்காதீர்கள், அவ்வளவுதான். அரிக்கொம்பன் ஞாபகம் இருக்கிறதா, 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள், அது மேகமலைக்கு வந்து, மே மாதம் கம்பம் டவுனுக்குள்ளேயே நடந்து, கடைசியில் முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் கேட்ட மலைகளில் பாதியை அது ஒரே சீசனில் பார்த்துவிட்டது.

அம்மா விஷயத்தில் நான் மருத்துவன் இல்லை, ஆனாலும் மலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 1,500 மீட்டர் உயரம் மூச்சுத் திணற வைக்கிற உயரம் இல்லை. ஆஸ்துமா, இதயக் கோளாறு இருந்தால் மட்டும் அவர் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குளிரில் மூட்டு இறுகும். கம்பளிச் சாக்ஸ், காதுக்கு மப்ளர், ராத்திரி வெந்நீர், இவ்வளவு போதும். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை வண்டியை நிறுத்தி நடக்க வையுங்கள். மூணாறில் ஆஸ்பத்திரி இருக்கிறது, கீழே இறங்கினால் தேனி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி.

17 வளைவே அதிகம் என்று அம்மா சொல்லிவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, யாரும் சொல்லாத வழி. கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் வழியாகக் குமுளி. ஏற்றம் குறைவு, வளைவும் குறைவு. லோயர்கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபம், மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்கள், கம்பத்தில் பன்னீர் திராட்சைத் தோட்டம். குமுளியைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் வண்டிப்பெரியாறு, சாலையின் இரண்டு பக்கமும் தேயிலை, அங்கே கன்னிமாரா ஃபேக்டரியில் சுற்றிக் காட்டுகிறார்கள். உயரம் குறைவு என்பதால் மூணாறு குளிர் இருக்காது, சும்மா ஜில்லென்றிருக்கும். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன், ஆனால் நீங்கள் குளிரும் வேண்டும் என்று எழுதியதால் இரண்டாவதாக வைத்தேன்.

கடைசியாக, என்ன டீ வாங்கி வருவது என்ற கேள்வி. இது என் வியாபாரம், ஆனாலும் நேர்மையாகச் சொல்கிறேன். பால் ஊற்றிக் கொதிக்க வைக்கிற டீக்கு மூணாறிலிருந்து தூள் சுமக்க வேண்டியதில்லை, அதே சி.டி.சி. டஸ்ட் மதுரையில் கிடைக்கிறது, பல நேரம் விலை குறைவாக. அங்கே வாங்குவதென்றால் ஆர்த்தடாக்ஸ் இலைத்தேயிலை வாங்குங்கள். அதைப் பாலில் போட்டுக் கொதிக்கவிட்டுவிட்டு "சப்பென்று இருக்கிறதே" என்று என்னிடம் வருகிறவர்கள் நிறைய. கொதித்த நீரை இறக்கி, இலையைப் போட்டு மூடி, மூன்று நான்கு நிமிஷம் கழித்து வடிகட்டி, பால் இல்லாமல் குடிக்க வேண்டியது அது. சாலையோரக் கடைகளில் சாக்லேட் டீ, ஸ்ட்ராபெர்ரி டீ என்று விற்பது தோட்டத்துச் சரக்கு இல்லை, எசென்ஸ் சேர்த்தது. பாக்கெட்டில் பேக் செய்தவர் பெயர், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். லூஸில் வாங்கினால் ஈரமான வடிதாளில் கொஞ்சம் தூளைத் தூவிப் பாருங்கள், உடனே ஆரஞ்சு, சிவப்பு என்று சாயம் ஓடினால் கலப்படம். நல்ல தூள் குளிர்ந்த நீரில் அவ்வளவு அவசரமாக நிறம் விடாது.

ஞாயிறு இறங்கும்போது மத்தியானம் இரண்டு மணிக்குள் போடிமெட்டைத் தாண்டிவிடுங்கள். அதற்கு மேல் பல நாள் மூடுபனி இறங்கும், எதிரே வருவது ஜீப்பா லாரியா என்று தெரியாது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் பாதி மலையில் கருகல் வாடை வரும். கார் ஆட்டோமேட்டிக் என்றால் அதை எழுதுங்கள், அதற்கு வேறு மாதிரி சொல்ல வேண்டும்.